கறி ஆகாத நாளின் விருந்து

திருச்சிக்காரன் ஒருவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் “காரைக்கால் போறேன்” என்று சொன்னால் கேட்பவர் ஒரு கண்ணைச் சிமிட்டுவார். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துச் சரக்குக்கு இங்கே அவ்வளவு பெயர். போகிற வழியில் டேங்க்கைக் காலியாக வைத்துக்கொண்டு அங்கே போய் பெட்ரோல் நிரப்புகிறவர்களும் உண்டு. நான் “மாம்பழத்துக்காகப் போறேன்” என்றதும் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. நியாயம்தான். குடியிருப்பது மாம்பழச் சாலைக்குப் பக்கத்தில். மாம்பழத்துக்காக 150 கிலோமீட்டர் போவானா ஒருவன்?

போனது மாங்கனித் திருவிழாவுக்கு. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்கால் அம்மையார் கோயிலில் நடப்பது. சாமி வீதியில் வரும்போது இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை அள்ளி வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் ஏந்திப் பிடிப்பார்கள். அன்றைக்குக் காரைக்கால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

கடற்கரை ஊரில் உணவுத் திருவிழா என்றால் இப்போதெல்லாம் மனதுக்கு வருவது வேறு. 2024 டிசம்பரில் சென்னை மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒன்று நடத்தினார்கள். மாவட்டத்துக்கு ஒரு ருசி, வரிசையாகக் கடை, நல்ல கூட்டம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. காரைக்கால் சமாச்சாரம் வேறு ஜாதி. அங்கே பண்டம் ஒன்றே ஒன்று. அதற்கு விலையும் கிடையாது, வரிசையும் கிடையாது. கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண சமையல் காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறேன். ஆனியில் முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறு எங்களுக்கு அபூர்வம். அந்த வாரம் ஒப்புக்கொண்டிருந்த ஒரு அறுபதாம் கல்யாணம் தள்ளிப்போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்டி, அண்டா லிஸ்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, சும்மா உக்காந்து அண்டாவை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. சித்தி வருஷா வருஷம் கூப்பிடுது. பௌர்ணமி சனி, ஞாயிறுல விழறது எப்பவோ ஒரு தடவைதான். கிளம்புங்க” என்றாள் மனைவி.

அவளுடைய சித்தி வீடு காரைக்காலில் சாமி போகிற வீதியில் இருக்கிறது. மாடி வீடு. திருவிழா அன்றைக்கு அந்த வீதியில் மாடி இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். நாங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தோம்.

வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? மாம்பழச் சாலைக்குப் போனேன். காவிரிப் பாலம் இறங்கியதும் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் வழி பிரிகிற இடம். கோடையில் அந்த வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எங்கே இருக்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். திருச்சிக்கென்று ஒரு பழம் உண்டென்றால் அது இமாம்பசந்த். தோல் காகிதம் மாதிரி. நார் கிடையாது. விலையை மட்டும் கேட்கக் கூடாது. ஆனால் ஆனி பாதி போனால் இமாம்பசந்த் ஓய்ந்துவிடும். பங்கனப்பள்ளி கடைசி லோடு, நீலம், ருமானி, இவைதான் மிஞ்சும்.

காரைக்கால் என்றதும் கடைக்காரர் கேட்டார்: “எறியறதுக்கா, திங்கறதுக்காண்ணே?”

ரெண்டுக்கும்தான் என்றேன்.

“எறியறதுக்குன்னா நீலம் எடுத்துக்குங்க. சின்னது, கெட்டியா இருக்கும். பழுக்கறதுக்கு ரெண்டு நாள் இருக்கிற மாதிரி பார்த்துப் போடறேன். நல்லாப் பழுத்ததை எறிஞ்சீங்கன்னா கீழ நிக்கிறவன் சட்டை போச்சு.”

கிலோவுக்கு ஐந்தாறு நிற்கிற நீலமாகப் பார்த்து ஒரு கூடை கட்டிக் கொடுத்தார். திங்கறதுக்குத் தனியாக ஒரு பை பங்கனப்பள்ளி.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ப் பெருமையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் என்னைத் திட்டுவார்கள். ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் ரங்கநாதருக்கு ஜேஷ்டாபிஷேகம். அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில் காவிரித் தண்ணீர் யானை மேல் வரும். மறுநாள் பெரிய திருப்பாவாடை. துணி விரித்து அதன் மேல் சாதத்தைக் குவித்து, நெய், மா, பலா, வாழை, தேங்காய் என்று சேர்த்துப் பெருமாளுக்குக் காட்டுவார்கள். கேட்டையும் ஆனிப் பௌர்ணமியும் அடுத்தடுத்த நாட்களில் வந்துபோகும். ஆகையால் ஒரே வாரத்தில் இங்கே பெருமாளுக்கும் மாம்பழம், அங்கே சிவனுக்கும் மாம்பழம். சீசன் முடிகிற நேரத்தில், ஊர் ஜனங்கள் தின்று அலுத்த பிறகு சாமிக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படிச் சொன்னதற்கு வீட்டில் எனக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

சனிக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் ரயில். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர், அப்புறம் காரைக்கால். நாகூர் வரைக்கும் இருந்த பாதையைக் காரைக்காலுக்கு நீட்டியது 2011-ல்தான். அதற்கு முந்தி நாகூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வண்டி டெல்டாவுக்குள் நுழைந்ததும் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லோருடைய தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்தால் ஆனியில் இங்கெல்லாம் தண்ணீர் ஓடும். காவிரியிலிருந்து பிரிகிற அரசலாறு கும்பகோணத்துப் பக்கமாக வந்து காரைக்காலில்தான் கடலில் விழுகிறது. நாங்கள் அம்மா மண்டபத்தில் முங்கி எழுகிற ஆற்றுக்குக் கடைமடை அது.

நாகப்பட்டினத்தில் வண்டி கொஞ்சம் நின்றது. கூடையைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டு மனைவி சொன்னாள்: “மாப்பிள்ளை ஊரு வந்துருச்சு.”

கதை தெரியாதவர்களுக்காக. காரைக்காலில் தனதத்தன் என்ற வணிகனின் மகள் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். நாகையில் நிதிபதி என்ற வணிகனின் மகன் பரமதத்தன். இரண்டு பேருக்கும் கல்யாணமாகிக் காரைக்காலில் குடித்தனம். ஒரு நாள் வியாபார விஷயமாக வந்த யாரோ பரமதத்தனுக்கு இரண்டு மாம்பழம் கொடுக்கிறார்கள். அவன் வீட்டுக்கு அனுப்புகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு சிவனடியார் பசியோடு வாசலில் வந்து நிற்கிறார். இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதும்போது ஒரு தகவலை விடாமல் சொல்கிறார். சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். இலை போட்டாகிவிட்டது, சாதம் தயார், பொரியல் அடுப்பில். முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. பரிசாரகர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் மேஸ்திரியைப் பார்ப்பேன். அப்போது நாங்கள் செய்வது, ஊறுகாயையும் அப்பளத்தையும் முன்னால் ஓடவிட்டு நேரத்தைக் கடத்துவது. புனிதவதியிடம் இரண்டு மாம்பழம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். ஒரு திருவிழாவுக்கே காரணம் அன்றைக்கு அந்த வீட்டில் கறி ஆகாததுதான்.

மீதியை எல்லோரும் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1973-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது, லட்சுமியும் கே.பி.சுந்தராம்பாளும் நடித்தது. புருஷன் மத்தியானம் சாப்பிட வருகிறான். மிச்சமிருந்த பழத்தை வைக்கிறாள். ருசியாக இருக்கிறதே, இன்னொன்றையும் வை என்கிறான். இல்லை என்று சொல்ல வாய் வராமல் உள்ளே போய் வேண்டுகிறாள். கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசி முதல் பழத்தோடு சேரவில்லை. ஏது இது என்று கேட்கிறான். நடந்ததைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கைக்குப் போனதும் மறைகிறது. பரமதத்தன் பயந்துபோய்க் கப்பலேறுகிறான். திரும்பி வந்து பாண்டிய நாட்டில் தங்கி, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். தேடிப்போன மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அவள் இந்த உடம்பே வேண்டாமென்று பேய் வடிவம் வாங்கிக்கொண்டு, கைலாயத்துக்குத் தலையாலேயே நடந்துபோய், கடைசியில் திருவாலங்காட்டில் சிவன் ஆடுகிற காலடியில் பாடிக்கொண்டு அமர்கிறாள்.

பரமதத்தனை எல்லோரும் கோழை என்பார்கள். எனக்கு அவன் மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. மத்தியானச் சோற்றுக்கு வந்த வியாபாரி, பாவம், இதற்கெல்லாம் தயாராகவா வந்திருப்பான்?

அம்மையார் எழுதியதாகக் கிடைப்பவை நான்கு நூல்கள், மொத்தம் 143 பாடல். அறுபத்து மூன்று நாயன்மார் வரிசை உள்ள கோயிலில் போய்ப் பாருங்கள். எல்லோரும் நிற்பார்கள், இவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். எலும்பெடுத்த உடம்போடு தாளம் தட்டும் அவருடைய சோழர்காலச் செப்புச் சிலை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. காரைக்கால் பெண் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள்.

ஊருக்குள் போனால் சனிக்கிழமை கூட்டம். பக்கத்திலேயே திருநள்ளாறு, சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட வந்தவர்கள் ஒரு பக்கம், மாங்கனிக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். திருவிழா சனி, ஞாயிறில் வருகிற வருடம் லாட்ஜில் ரூம் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். சித்தி இல்லாதவர்கள் நாகப்பட்டினத்தில் தங்கிக்கொண்டு விடிகாலை பஸ் பிடிப்பது மேல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திருக்கல்யாணம் முடிந்திருந்தது. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாம் நாள் புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் கல்யாணம், அதற்கு அடுத்த நாள்தான் மாங்கனி. புராணத்தில் வரிசையாக நடந்ததை ஊரே சேர்ந்து நடத்திக் காட்டுகிறது. பரமதத்தனின் இரண்டாம் கல்யாணத்தைக்கூட விடுவதில்லை. அதற்கு யார் சமையல் என்று கேட்டேன், சித்தி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலாசநாதர் கோயிலிலிருந்து பிச்சாண்டவர் புறப்பட்டார். கையில் திருவோடு ஏந்திப் பிச்சைக்கு வருகிற சிவன். பவழக்கால் சப்பரத்தில், வெள்ளை சாத்தி. பாரதியார் சாலை, கென்னடியார் வீதி, மாதா கோயில் வீதி, லெமேர் வீதி என்று சுற்றி வர வேண்டும். 1739-லிருந்து 1954 வரைக்கும் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் என்பதை அந்தத் தெருப் பெயர்களிலேயே படித்துவிடலாம். நகர்வது ஆமை வேகம். ஏனென்றால் வீட்டுக்கு வீடு தட்டு வருகிறது, தட்டு நிறைய மாம்பழம் வருகிறது, அர்ச்சனை ஆகிறது.

சித்தி வீட்டு மொட்டை மாடியில் எங்கள் கூடை உட்பட ஏழெட்டுக் கூடை. பாரிஸிலிருந்து வந்திருந்த ஒரு பையன் பனியன் நனைய நனையக் கூடையைப் படியேற்றினான். சித்தியின் மூத்தார் பேரன். பாரிஸில் லா சப்பல் பகுதியில் பிள்ளையார் தேர் வரும்போது தெருவில் தேங்காய் உடைப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இங்கே அதே வேகத்தில் ஒரு பழத்தை வீசப் போனவனின் கையை சித்தி பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அவசரப்படாதே. சாமி நம்ம வீட்டைத் தாண்டட்டும். அப்புறம்தான் எறியணும். ஆள் தலையைப் பார்த்து எறியாதே, கையைப் பார்த்து எறி. கீழருந்து மேல தூக்கிவிடு, மேலருந்து கீழ அடிக்காதே.”

தூக்கிவிடுவது என்றால் என்ன என்பதை அவரே காட்டினார். பழத்தை உள்ளங்கையில் காம்புப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வைத்து, முழங்கையை மடக்காமல், பந்து விளையாடக் குழந்தைக்குப் போடுகிற தினுசில் ஒரு வீச்சு. பழம் ஓர் ஆள் உயரம் மேலே எழும்பி, வேகம் குறைந்து இறங்கியது. கீழே அதைப் பார்த்துக்கொண்டே நான்கு பேர் கை நீட்டினார்கள். எழுபது தாண்டியவர், தோள் வலி என்று காலையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கூடையை அப்படியே காலி செய்தார்.

சப்பரம் கடந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பிற்று. அதை எப்படிச் சொல்வது? வானம் முழுக்க மஞ்சளும் பச்சையும். கீழே சத்தம், சத்தம் என்றால் காது அடைக்கிற சத்தம். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். நான்கு பையன்கள் ஒரு வேட்டியை நான்கு முனையில் இழுத்துப் பிடித்திருந்தார்கள், அதில் விழுந்த பழம் துள்ளி அடுத்தவர் கைக்குப் போயிற்று. பெண்கள் முந்தானையை ஏந்தி நின்றார்கள். தரையில் விழுந்த பழத்தை எடுக்க ஒரே நேரத்தில் ஐந்து பேர் குனிந்ததில் தலையும் தலையும் முட்டிக்கொண்டது. மிதிபட்டு நசுங்கிய பழம் என்று நான் அந்த வீதியில் அதிகம் பார்க்கவில்லை. மிதிபடும்வரை யார் விட்டுவைத்தார்கள்?

ஸ்பெயின் தேசத்தில் புன்யோல் என்ற ஊரில் தக்காளி எறிகிற திருவிழாவை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசி புதன்கிழமை. 1945-ல் விளையாட்டாகத் தொடங்கியதாம். லாரி லாரியாகத் தக்காளி கூழாகிறது, பிறகு தண்ணீரைப் பீய்ச்சித் தெருவைக் கழுவுகிறார்கள். அவரவர் சந்தோஷம் அவரவருக்கு. ஆனால் கணக்கு எழுதுகிறவன் வயிறு எரியாமல் அதைப் பார்க்க முடியாது. காரைக்காலில் எறிகிற பழம் எல்லாம் அன்றைக்கு ராத்திரிக்குள் யாராவது ஒருவர் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

இதில் ஒரு சுழற்சியும் இருக்கிறது. குழந்தை வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் கீழே நின்று பழத்தைப் பிடித்துச் சாப்பிடுவார்கள். வேண்டுதல் பலித்தால் பிறகு வந்து பழம் வாங்கி எறிவார்கள். எங்கள் மாடியிலேயே ஒரு பெண் இருந்தாள். சித்தி வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரின் மருமகள். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. குழந்தையின் கையில் ஒரு நீலத்தைப் பிடித்து, தன் கையை அதன் கை மேல் வைத்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டாள். எறிந்தது என்று சொல்ல முடியாது, நழுவிற்று. கீழே ஒருவர் பிடித்துவிட்டார். “போன தடவை வந்தப்ப இந்தா, அந்தக் கரண்டு கம்பத்துக்கிட்ட நின்னேன்” என்று எனக்குக் கையைக் காட்டினாள். மருத்துவம், விஞ்ஞானம் என்று இதில் வாதம் பண்ண எனக்கு ஆசையில்லை. கீழே நின்றவள் மேலே வந்திருக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது வீதியுலா இல்லாமல், கோயிலுக்குள்ளேயே ஜனங்கள் இல்லாமல் திருவிழாவை நடத்தினார்கள். “சாமிக்கு எல்லாம் நடந்துச்சு. எங்களுக்குத்தான் ஒண்ணுமில்லை” என்றார் சித்தி. அந்த வருடம் வாங்கி வைத்த பழத்தைத் தெருவில் போகிற வருகிறவர்களுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். கையில் கொடுத்தால் யாருக்கும் பிரசாதம் மாதிரி தோன்றவில்லையாம்.

சாயங்காலம் அமுது படையல். பிச்சாண்டவர் அம்மையார் கோயிலுக்கு வந்து சேர, அம்மையார் எதிர்கொண்டு அழைத்துப் போய் அமுது படைக்கிறார். தயிர் சாதமும் மாம்பழமும். நான் அங்கே தொழில் புத்தியோடுதான் நின்றேன். எத்தனை படி அரிசி, எவ்வளவு தயிர், உறை ஊற்றியது எப்போது என்றெல்லாம் எட்டிப் பார்த்தேன். வேறொரு கறி இல்லை. இருக்கவும் கூடாது. கறி ஆகிவிட்டால் கதை ஏது? பெரிய அண்டாவில் எத்தனையோ வகை வைத்து இறக்குகிற எனக்கு அந்த இலையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

ராத்திரி வீட்டில் சித்தி மிஞ்சிய நீலத்தை வைத்து மாம்பழ மோர்க்குழம்பு வைத்தார். பழத்தைத் தோலோடு கீறி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டு வேகவிட்டு, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துச் சேர்த்து, புளித்த மோரை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். இந்தக் குழம்புக்கு நீலம்தான் சரி. பங்கனப்பள்ளி போட்டால் கரைந்து பாயசமாகிவிடும். கொட்டையைச் சப்புவதற்குச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் காண்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆனி, ஆடி மாத விசேஷங்களில் கடைசியில் ஐஸ்கிரீமுக்குப் பதிலாகத் தயிர் சாதத்தோடு இலைக்கு ஒரு மாம்பழம் முழுசாக வைத்தால் எப்படி இருக்கும், ஜனங்கள் கொண்டாடுவார்கள் என்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார்:

“எண்ணூறு இலைக்கு எண்ணூறு பழம். அதுல எத்தனை காயா இருக்கும், எத்தனை அழுகலா இருக்கும்னு கணக்குப் போட்டியா? முதல் பந்தியில ஒருத்தன் ‘இன்னொண்ணு வை’ம்பான். அப்ப யாரைக் கும்பிடுவே?”